காளான் ஷெட்டில் டிங்-டொங்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேரிடம் மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப் இருக்கிறதாம். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. என்னிடம் கடைசி வரை அது இருந்ததில்லை. ஒரு மீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், டயல் கண்ணாடி உடைந்த ஒரு ரேடியோ, இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே பழனி மலையில் பூண்டி வரைக்கும் போய், ஒரு பெண்ணின் காளான் படுக்கைகளை நானே கெடுத்து, பிறகு நானே சரிசெய்தேன். கெடுத்த கதையைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன். சரிசெய்த கதையை எல்லோரும் சொல்வார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வத்தலக்குண்டில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். பெரியகுளத்தில் மைக் செட் தூக்கினேன். கொடைக்கானலில் மரத்துக்கு மரம் கேபிள் டி.வி. வயர் இழுத்தேன். யூகலிப்டஸ் மரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியது, ஆனால் ஈயம் வைக்க அது தடையாக இல்லை. ஓரிடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அப்படி அரித்த ஒரு நேரத்தில்தான் யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் செய்யக் கற்றுக்கொண்டேன்.

விஷயம் எளிது. பழைய இயந்திரங்கள் சீரியல் என்ற பழைய பாஷையில் பேசும். புது லேப்டாப்புகளில் அந்தச் சொருகுவாய் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். கடையில் விற்கும். ஆனால் பழைய பட்டன் போன்களுக்கு வந்த டேட்டா கேபிளின் தடித்த தலையைப் பிளந்தால், உள்ளே கொள்ளு அளவில் அதே சிப் இருக்கும். அதை எடுத்து ஓட்டை போட்ட போர்டில் வைத்து, நாலு உறுப்புகள் சேர்த்து, மிட்டாய் டப்பாவில் அடைத்தால் கன்வெர்ட்டர் தயார். முதல் ஒன்று வேலை செய்த அன்று நான் பஸ் ஸ்டாண்டில் அறிமுகம் இல்லாத ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பூண்டியில் செல்வராணி காளான் போட்டிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் அம்மாவின் பேச்சு நாக்கில் ஒட்டியிருந்தது. பகலில் கேரட் கழுவும் கூலி வேலை. மிச்ச நேரத்துக்கு, கொடைக்கானல் டவுனில் இருக்கும் ஒருவருடைய தகர ஷெட்டைக் கேட்டு வாங்கி, ஆறு அடுக்குகளில் மொட்டுக்காளான் படுக்கை. மூடிப்போன ஒரு பூந்தோட்டத்திலிருந்து பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஷெட்டின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் 'தூவு' என்றால் தண்ணீர் தூவும், 'நிறுத்து' என்றால் நிறுத்தும். இடையில் பேச ஆள் இல்லை. நான் போய்ச் சேர்ந்தேன்.

"கடையில வாங்கவா அண்ணே?" என்று செல்வராணி கேட்டார்.

"எதுக்குங்க? நானே செஞ்சு தாரேன்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னதாக ஞாபகம்.

மாட்டிய அன்றே ஆரம்பித்தது. யு.எஸ்.பி. கழன்றால் லேப்டாப் 'டொங்' என்னும், சேர்ந்தால் 'டிங்' என்னும், தெரியும்தானே? யாரும் தொடவில்லை, அது பாட்டுக்கு டொங், டிங், டொங், டிங். திரையில் சூடு பதினேழு என்று வர வேண்டிய இடத்தில் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தோம், முதல் பத்து நிமிடம்.

திண்டுக்கல்லில் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் ஒரு அம்மா உண்டு. பெயர் இன்றைக்கு வரை தெரியாது. கேட்டால் "எதுக்கு, பத்திரிகை அடிக்கவா?" என்பார். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பாதி மதுரை மாவட்டத்துக்கு வைத்தியம் பார்த்தவர். பூண்டியில் கோயில் வாசலில் மட்டும்தான் சிக்னல். அங்கே நின்று போன் போட்டேன்.

"சிப்புக்குப் பக்கத்துல கண்டன்சர் வச்சியா?"

"ஒண்ணு வச்சேங்க. பெருசு. வயர் வர்ற எடத்துல."

"நான் பக்கத்துலன்னு கேட்டேன். பெருச வாசல்ல வச்சுட்டு, சிப்பப் பட்டினி போட்டுட்டியா? சின்னது ஒண்ண அதோட காலுக்கு ஒட்டி வையி."

வைத்தேன். கரண்ட் துள்ளும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் உறுப்பு அது. அதே நாளில் இன்னொரு காரியமும் செய்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம், அதை விளக்க ஊரைச் சொல்ல வேண்டும்.

பூண்டியில் ஒரு முழம் மண், அதற்குக் கீழே பாறை. எர்த் கம்பி அடிக்க இடமே இல்லை. எனவே ஊருக்கு ஒரே ஒரு வழக்கம். ஓடைக்கு மேலே வற்றாத ஊற்றுக்குழி ஒன்று சொதசொதவென்று இருக்கிறது. வீட்டுக்கு எர்த் வேண்டுமா, கோயில் மைக் செட்டுக்கு வேண்டுமா, காட்டுமாட்டைத் தடுக்கும் சோலார் வேலிக்கு வேண்டுமா, எல்லாரும் அங்கே கொண்டுபோய்த்தான் கம்பியை இறக்குவார்கள். எர்த் நன்றாகப் பிடிக்கட்டும் என்று உப்பும் கரித்தூளும் கலந்த தண்ணீரையும் அவ்வப்போது ஊற்றுவார்கள். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை நல்ல எர்த்தை மலையில் எங்கே காண்பது? மிட்டாய் டப்பாவிலிருந்து ஒரு செம்பு வயரை அறுபதடி இழுத்து, அந்தக் குழியில் என் கம்பியையும் நட்டேன்.

டிங்-டொங் நின்றது. அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன், சத்தமே இல்லை.

"எர்த்துதாங்க காரணம்" என்று செல்வராணியிடம் அறிவித்தேன். "தினமும் காலைல ஒரு வாளி உப்புத் தண்ணி ஊத்திடுங்க. மறக்கவே கூடாது."

"மறக்க ஏலுமா அண்ணே? என் பொழப்பே அதுலதானே" என்றார். நான் பக்கத்து மலை ஊரான கூக்காலுக்கு ஒரு டி.வி. ரிப்பேர் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

இப்போது கவனியுங்கள். அன்று நான் மாற்றியது இரண்டு. கண்டன்சர், எர்த். எது குணமாக்கியது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஈரல் கெட்டவனுக்கு ஒரே நாளில் இரண்டு மருந்து கொடுத்துவிட்டுப் பிடித்த மருந்தின் பெயரைச் சொன்ன மாதிரி. போதாததற்கு மூன்றாவதாக ஒன்றும் மாறியிருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. மூன்று நாளாக மூடுபனி. எதிரே இருப்பவர் முகம் தெரியாத பனி. அதை நினைவில் வையுங்கள், வருகிறேன்.

எட்டாம் நாள், வியாழக்கிழமை, கூக்காலில் இருந்த என்னைத் தேடிச் செல்வராணியின் குரல் வந்தது. யாருடைய போனையோ வாங்கிப் பேசினார். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

"அண்ணே, ரெண்டு அடுக்கு போச்சு. தூவ ஆரம்பிச்சுட்டு நிக்கவே இல்ல. வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா மொட்டெல்லாம் பழுப்பா கெடக்கு. ஷெட்டுக்கார மொதலாளியும் வந்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை திரும்ப வாராராம். மெஷின் தானா ஓடி, காளானும் நின்னாத்தான் ஷெட்டு எனக்கு. இல்லாட்டி நாலு ரூம் போட்டு ஹோம்ஸ்டேயாம். 'வியூ நல்லாருக்கு'ங்கிறாரு."

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினேன். கூக்காலிலிருந்து பஸ் இல்லை. பால் கேன் வண்டி பாதி வழி, மிச்சம் நடை. செருப்பு அறுந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு மத்தியானத்துக்குள் சேர்ந்தேன்.

ஷெட்டுக்குள் போனதும் நான் கன்வெர்ட்டரைத் தொடவில்லை. முதலில் தண்ணீர் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். இதை நீங்கள் எழுதியே ஒட்டிக்கொள்ளலாம். என்ன கோளாறு என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தக் கோளாறு யாரை நனைத்துக்கொண்டிருக்கிறதோ அதை நிறுத்துங்கள். லேப்டாப் 'நிறுத்து' என்று சொல்வதற்குள் கன்வெர்ட்டர் கழன்று போனால், பாவம் அந்தப் பெட்டி அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டே தூவும். அப்படித்தான் இரண்டு அடுக்கு மூழ்கின.

வெயில் பளிச்சென்று அடித்தது. லேப்டாப்போ நிமிடத்துக்கு ஒருமுறை டொங், டிங்! நான் விட்டுப்போனபோது இருந்ததைவிட, ஏன், கண்டன்சரே வைக்காத முதல் நாளைவிட மோசம்.

கருத்து சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? வெயில் சூடு என்று சொல்லி ஒருவர் லேப்டாப் மேல் ஈரச்சாக்கைப் போட்டிருந்தார். குரங்கு வயரில் தொங்குகிறது என்றார் இன்னொருவர். ஒருவர் என் டப்பாவை முகர்ந்து பார்த்து, "இன்னும் மிட்டாய் வாசம் அடிக்கே, எறும்பு புகுந்துருக்கும்" என்றார். அது மட்டும்தான் ஓரளவு அறிவுள்ள யோசனை. திறந்து பார்த்தேன். எறும்பு இல்லை.

அப்போதுதான் ரேடியோவை எடுத்தேன். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தால், சுற்றுவட்டாரத்தில் எங்கே மின்பொறி தட்டினாலும் கரகரவென்று காட்டிக்கொடுக்கும். காதில் வைத்தேன். கரகரப்புக்கு நடுவே, தெளிவாக, நிதானமாக: டிக். ஒரு மூச்சு. டிக். ஒரு மூச்சு. டிக்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ ஒழுங்காகத் தட்டுகிறார்கள் என்றால், அது சூடும் இல்லை குரங்கும் இல்லை. அது ஒரு இயந்திரம்.

ரேடியோவைக் காதில் வைத்தபடி சரிவில் இறங்கினேன். சத்தம் குறைந்தால் திரும்புவேன், கூடினால் முன்னே போவேன். சாப்பாட்டு நேரம், ஓடையில் கேரட் கழுவும் பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, அங்க பாரு! பாட்டுப் பெட்டியோட அண்ணன் காட்டுமாட்டுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறாரு!"

"வெரசா போங்கண்ணே, முகூர்த்தம் தப்பிரும்!"

செல்வராணியும் அவர்களோடுதான் இருந்தார். அத்தனை கவலையிலும் சிரித்துவிட்டார். பிறகு அவர் எழுந்து என் பின்னால் வர, மற்றவர்களும் வந்தார்கள். ஒரு பெண் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தார். இப்படி ஓர் ஊர்வலமாக, வேலுச்சாமியின் கேரட் தோட்டத்து வேலியில் போய் முட்டினோம். ரேடியோ டிக் டிக் என்று கத்தியது. கம்பிக்குப் பக்கத்தில் சின்ன மஞ்சள் பெட்டி, மேலே சோலார் தகடு. காட்டுமாட்டைத் தடுக்க ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ஷாக் அனுப்பும் பெட்டி.

மூடுபனி ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் வெயில் இல்லை, வேலியின் பேட்டரி இறங்கி வேலியே செத்துக் கிடந்தது. அந்த நாளில்தான் நான் எர்த் போட்டு 'குணமாக்கி'விட்டு, பெருமையோடு கூக்காலுக்குப் போயிருக்கிறேன். நான் போன பிறகும் ஒரு வாரம் பனி விலகவில்லை. பிறகு வெயில் வந்தது, வேலி விழித்தது, டிங்-டொங்கும் விழித்தது.

வேலுச்சாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "என்ன, திருவிழாவா? என் வேலி ஒங்கள என்ன செஞ்சுச்சு?"

"அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம் இத ஆஃப் பண்ணுங்க. சோதிச்சுப் பாக்கணும்."

"ஆஃப் பண்ணா காட்டுமாடு வரும்."

"பட்டப்பகல்ல எங்கிட்டு வருது?"

"அதுக்கு மணி பாக்கத் தெரியுமாய்யா?" என்றார். ஆனாலும் செல்வராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தார். நல்ல மனிதர்.

ஷெட்டுக்கு ஓடினோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு டிங் இல்லை, ஒரு டொங் இல்லை. திரையில் சூடு அழகாக வரிசையாக இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். ஒருவர் குலவை போட்டார். அந்தக் குலவை முடிவதற்குள் கீழே இருந்து வேலுச்சாமியின் அலறல் கேட்டது.

ஒரே ஒரு காட்டுமாடுதான். கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி நிதானமாக, அணைந்த கம்பியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கேரட் இலையைப் பந்தி பந்தியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வேலுச்சாமி பெட்டியின் ஸ்விட்ச்சைப் போட ஓடினார்.

"போட்றாதீங்க! மாடு உள்ள இருக்கு! போட்டா வெளிய போகாது!" என்று நான் கத்தினேன்.

அவர் ஸ்விட்ச்சில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அந்த மனிதர் அன்று சொன்ன வார்த்தைகளை உங்களுக்கு எழுத முடியாது. எல்லோரும் தகரத்தைத் தட்டினோம். அது மூன்று பாத்தியை முடித்துவிட்டு, வாயைத் துடைக்காத குறையாக, வந்த வழியே போனது. வேலி மறுபடி டிக் என்றது, ஷெட்டில் டொங் என்றது.

"இனி இத ஆஃப் பண்ணச் சொல்லி எவனாவது வந்தான்..." என்றார் வேலுச்சாமி. வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

தகராறு செய்யலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஊர்ப் பெரியவர்களிடம் போய், ஞாயிறு வரை வேலியை அணைக்கச் சொல்லலாம் என்று. உங்களுக்கும் தோன்றும். நாய்ஸ் என்னும் இந்த மின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அதை அங்கேயே அடிக்கக் கை துறுதுறுக்கும். கோயில் வாசலுக்குப் போய்த் திண்டுக்கல் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவன் பொழப்ப அவன் பாக்குறான். ஒன் பெட்டிக்குள்ள அது எந்த வழியா நுழையுதுன்னு பாத்தியா?"

"காத்துல வருதுங்க."

"காத்துல வர்றது கண்டன்சருக்கே அடங்கிருக்கும். நீ எங்கயோ கதவத் தெறந்து வச்சிருக்க. போயித் தேடு. எனக்கு ஆளு நிக்குது" என்று வைத்துவிட்டார்.

ஷெட்டின் கதவில் கரித்துண்டால் படம் வரைந்தேன். லேப்டாப். டப்பா. கட்டுப்பாட்டுப் பெட்டி. டப்பாவிலிருந்து ஒரு கோடு வெளியே. கோடு எங்கே போகிறது? ஊற்றுக்குழிக்கு. அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? கரித்துண்டு கையில் அப்படியே நின்றது.

ஊற்றுக்குழிக்கு ஓடினேன். என் கம்பியும் வேலுச்சாமி வேலியின் எர்த் கம்பியும் இரண்டு சாண் தள்ளி, தோளோடு தோள் போட்டுக்கொண்டு நின்றன. வேலி தரைக்குள் அனுப்பிய ஒவ்வொரு அடியையும் என் கம்பி முதல் ஆளாக வாங்கி, அறுபதடி செம்பு வயரில், நேராகச் சிப்பின் மடியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. எர்த் என்றால் எல்லாக் குற்றத்தையும் விழுங்கும் குழி என்று நினைத்தவன் நான். அது பொது இடம். எல்லாரும் கொட்டும் இடத்தில் குழாயை வைத்து நான் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

அப்புறம் அந்த உப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

செல்வராணி மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தார். நான் சொன்னேன். எதையும் மழுப்பவில்லை.

"அப்போ" என்றார் மெதுவாக, "நான் தெனமும் வெள்ளனே எழும்பி, குளிர்ல வாளி தூக்கி, என் காளானுக்கு நானே வெஷம் வச்சிருக்கேன்."

"ஒங்க மேல தப்பில்லங்க. நான் சொன்னதத்தான் செஞ்சீங்க."

"அது தெரியும். அதுனாலதான் இவ்வளவு கோவம் வருது" என்றார். வாளியை எடுத்து ஓங்கினார். எறியவில்லை. கீழே வைத்துவிட்டு, "சரி, இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க" என்றார். ஒருவர் நம் தப்பால் நஷ்டப்பட்ட பிறகும் 'என்ன செய்யணும்' என்று நம்மையே கேட்பது எவ்வளவு கனமான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

கம்பியைப் பிடுங்கினேன். நிமிடத்துக்கு ஒன்று என்பது அரை மணிக்கு ஒன்று என்று இறங்கியது. முன்னால் என்றால் வெற்றி என்று கிளம்பியிருப்பேன். ஆனால் அரை மணிக்கு ஒரு டொங் போதும், அது தூவும் நேரமாக இருந்தால் இன்னொரு அடுக்கு மூழ்கும். இரும்பு அடுக்கு, ஈரத்தரை, லேப்டாப் சார்ஜர் என்று சின்னச் சின்னக் கதவுகள் இன்னும் திறந்தே இருந்தன. ஒவ்வொன்றாக அடைக்க ஞாயிறு வரை நேரம் போதாது. ஒரேயடியாக இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட வேண்டும். பேச்சு மட்டும் போக வேண்டும், கரண்ட் போகக் கூடாது.

அதற்கு ஆப்டோகப்ளர் என்று ஒரு உறுப்பு உண்டு. உள்ளே ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். செய்தி வெளிச்சமாகப் போகும், வயர் தொடர்பே கிடையாது. திண்டுக்கல்லுக்குப் போய் வாங்கிவர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அது எங்கே இருக்கும் தெரியுமா? ஓரளவு நல்ல செல்போன் சார்ஜர் எதைப் பிளந்தாலும் ஒன்று இருக்கும்.

"செத்த சார்ஜர் வேணும்ங்க. எத்தன கெடச்சாலும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வராணி வீடு வீடாகப் போனார். பூண்டியில் யாரும் செத்த சார்ஜரைத் தூக்கிப் போடுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு முறம் நிறையக் கொண்டுவந்தார். பூண்டு புடைக்கும் முறம். முறத்தில் சிக்கலும் சிடுக்குமாகப் பதினொரு சார்ஜர். பதினொன்றாவது வேலுச்சாமி வீட்டில் கொடுத்தது. "என் கேரட்டத்தான் தின்னுட்டீங்க, இதையும் தின்னுங்க" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

நான் வைக்கோல் மூட்டைமேல் உட்கார்ந்து சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்தேன். உயிரோடு ஆறு ஆப்டோ கிடைத்தது. போக ஒன்று, வர ஒன்று. பெட்டியின் பக்கத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி. சனிக்கிழமை காலை மாட்டினேன். டிங்-டொங் இல்லை. ஆனால் திரையில் ஒரே உளறல்! கட்டம், கேள்விக்குறி, தலைகீழ் எழுத்து.

டப்பாவை இரண்டு தடவை திறந்து மூடினேன். பிறகு புரிந்தது. சார்ஜருக்குள் சோம்பேறியாக வாழ்ந்த உறுப்பு அது. அதன் கண் சிமிட்டித் திறப்பதற்குள் நாலு எழுத்து ஓடிவிடுகிறது. பழைய பெட்டியின் பின்னால் பேச்சின் வேகத்தை மாற்றும் சின்ன ஸ்விட்ச்சுகள் இருந்தன. வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தேன், லேப்டாப்பிலும் அதே அளவு. அவ்வளவுதான், பதினேழு, பதினேழு, பதினேழு என்று மணி மணியாக வந்தது. காளான் அளக்க அவசரம் எதற்கு? வேகம் நல்லது என்று பழக்கதோஷத்தில் வைத்திருந்தது நான்தான். இந்த முறை ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே அரை மணி காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் வெயில் உச்சியில். வேலி முழு வேகத்தில் டிக் டிக் என்றது. தண்ணீர் மோட்டாரின் பிளக்கை மறுபடி சொருகினேன். லேப்டாப்பின் ஒலியை முழுசாகக் கூட்டி வைத்துவிட்டு, சத்தம் வராததைக் கேட்க ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தூவல் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். தானாக நின்றது. ஒரு பெண்ணுக்குத் தும்மல் வந்தது, ஆளாளுக்கு அவர் வாயைப் பொத்தினார்கள். அடுத்த தூவல் வந்தது, நின்றது. மூன்றாவது நின்றபோது செல்வராணி என் டப்பாவைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டார். தகரச் சுவரில் அவர்கள் தாளம் போட்டதில், வேலுச்சாமி மறுபடி காட்டுமாடு வந்துவிட்டதென்று தடியோடு ஓடிவந்தார்.

சாயங்காலம் நான் ஒரு யோசனை சொன்னேன். "அந்தப் பழுப்பாப் போன ரெண்டு அடுக்கையும் சாக்குப் போட்டு மூடிருவோமா? மொதலாளி கண்ணுல படாம."

"வேணாம் அண்ணே. அவரு போன தடவையே பாத்துட்டாரு. மூடுனா நாலையும் சேத்துல்ல சந்தேகப்படுவாரு?" என்றார் செல்வராணி. சரிதான். அந்த யோசனை சொன்னதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கொத்தனார் மேஸ்திரி, கையில் அளக்கும் டேப்.  முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

வாசலில் செல்வராணி குறுக்கே நின்றார். "மொதலாளி, அந்தச் சுண்ணாம்புத் தண்ணியில கால நனைச்சுட்டு வாங்க, கிருமி உள்ள வரக்கூடாது. மேஸ்திரியும்தான்."

"என் ஷெட்டுக்குள்ள நான் போக..."

"ஷெட்டு ஒங்களுது. காளானுக்கு அது தெரியாதுங்களே."

நனைத்தார். உள்ளே நாலு அடுக்கில் காளான் பொத்தான் பொத்தானாக, வெள்ளை வெளேரென்று தலை தூக்கி நின்றது. அவர் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். தூவல் வரும்வரை நின்றார். வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் எதையும் தொடவில்லை, தானாக நின்றது.

"ஓகே. இதென்ன?" என்று பழுப்பாகக் கிடந்த இரண்டு அடுக்கைக் காட்டினார். "இது இப்பிடி ஆகாதுன்னு என்ன கேரண்டி?"

நான் முன்னால் போனேன். "அது நான் செஞ்ச தப்புங்க. இவங்க இல்ல. ஊத்துக்குழியில எர்த் கம்பிய எறக்கி வச்சது நான்தான். எடுத்துட்டேன்."

"நீ யாரு?"

"வயர் வேலைங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுந்த செருப்பைச் சணலால் கட்டியிருந்தேன். மேஸ்திரி இதற்குள் தன் வேலையைத் தொடங்கி, டேப்பின் நுனியைச் சுவர் மூலையில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார், அறை எத்தனை அடி வரும் என்று.

"மேஸ்திரி" என்றார் செல்வராணி, "அது வேணாம், இங்கிட்டு வாங்க. தரையில இருந்து மேல பிடிங்க. இதுக்கு மேல இன்னும் ரெண்டு அடுக்கு ஏறுமான்னு பாப்போம்."

மேஸ்திரி டேப்போடு முதலாளியைப் பார்த்தார். முதலாளி காளானைப் பார்த்தார். குனிந்து ஒன்றைத் தொடப் போய், செல்வராணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு டேப்பின் மறுமுனையை அவரே வாங்கி, தரையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம், இழு" என்றார்.